கொடுத்தவர் பொறுப்பு

அத்தை வருவதாகச் சொன்ன நாள் விடிந்துவிட்டது.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்த வெல்டர், இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கட்டிலோடு கிடக்கிறார். அவர் மனைவி ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்துக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகிறாள். பிடித்த பிடியை விடமாட்டாள் என்று நாத்தனார் அவளுக்கு 'அழுத்தக்காரி' என்று பெயர் வைத்தாள். வசவாக ஆரம்பித்த அந்தப் பெயர் தெரு முழுவதும் பரவிவிட்டது. இப்போது அப்படிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கிறாள். பிள்ளைகள் இருவரும் பெண்கள். பெரியவள் பள்ளியின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். சின்னவளுக்கு வீட்டில் 'பொடிசு' என்று பெயர். இன்னும் ஒரு பால்பல்கூட விழவில்லை. அந்த நாத்தனார்தான், வெல்டரின் அக்கா, பிள்ளைகளுக்கு அத்தை. பிள்ளையில்லாத அவள், பொடிசைத் தன்னோடு அழைத்துப் போய் வளர்ப்பதாகவும், காரோடு வருவதாகவும் போனில் சொன்னாள். அதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

போனை வைத்த பிறகுதான் அழுத்தக்காரிக்கு அடுத்த அடி விழுந்தது. யாரைக் கேட்டு இந்த முடிவு என்று அவள் கத்தியபோது, வெல்டர் சுவரைப் பார்த்தபடியே, தான்தான் சரி என்று சொன்னதாகச் சொன்னார்.

அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. காலையில் தண்ணீர் சுடவைத்து, அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, புண் வந்துவிடாமல் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் திறந்தாள்.

"குழந்தை எங்கயும் போகாது."

வெல்டர் சுவரிடமே பதில் சொன்னார். பல நாள் யோசித்துத்தான் சொன்னாராம். அக்கா வீட்டில் பொடிசுக்குத் தனி அறை இருக்கும், நல்ல பள்ளிக்கூடம் இருக்கும், கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இருக்கும். இங்கே என்ன இருக்கிறது? ஒரு டம்ளர் தண்ணீருக்கு அந்தக் குழந்தையையே ஏவுகிற ஒரு அப்பன்.

"எதை வச்சு வளர்ப்ப?" என்றார்.

"இவ்வளவு நாளா எதை வச்சு வளர்த்தேனோ, அதை வச்சு."

"அது என்னன்னுதான் கேக்கிறேன்."

"கடவுளை வச்சு."

வெல்டர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. சாரம் சரிந்த அன்றைக்கு அந்தக் கடவுள் எங்கே போயிருந்தார் என்று அவர் கேட்கவில்லை. அதைப் பல தடவை கேட்டாகிவிட்டது. அவளுக்கு அதற்குப் பதில் தெரியாது என்பதும் இருவருக்கும் தெரியும்.

அவள் துணியை முறுக்கிப் பிழிந்தாள். "அவளைக் கொடுத்தவர் அவர். பொறுப்பும் அவரோடதுதான். நடுவுல புகுந்து தூக்கிக் கொடுக்க நீங்க யாரு?"

வெளியறையில் பெரியவள் தரையில் உட்கார்ந்து பொடிசின் கவுன்களை ஒவ்வொன்றாக மடித்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பொடிசு, தனக்குப் பிடித்த மஞ்சள் கவுனை மேலே வைக்கச் சொல்லி அதிகாரம் செய்துகொண்டிருந்தது. அதற்கு இது ஏதோ ஊர்சுற்றல்.

அழுத்தக்காரி நிலைப்படியில் நின்றாள். அவளுக்குச் சுருக்கென்றது. புருஷன் ஒரு பக்கம், இவளும் அந்தப் பக்கமா?

பெரியவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா விழுந்ததிலிருந்து அவள் சாமி கும்பிடுவதை விட்டுவிட்டாள். அம்மா கண்ணை மூடி முணுமுணுக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவாள். இன்றைக்கு எழுந்து போகவில்லை.

"நீ நம்பிக்கிட்டே இரும்மா. நான் வேணாங்கல. ஆனா அவளைப் பணயமா வைக்காதே."

பெற்ற பெண் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல அழுத்தக்காரிக்கு வாய் எழவில்லை. தான் வரும்வரை பொடிசை யார் கையிலும் கொடுக்கக் கூடாது, அத்தை வந்தால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடு என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அவள் கடவுளோடு சண்டை போட்டாள். அவளுடைய பிரார்த்தனை எப்போதுமே பாதி சண்டைதான்.

இவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்த நடைபாதையில் நின்று அழுதுகொண்டிருந்த என்னிடம், துணி வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தி, 'விரிப்பு மடிக்கத் தெரியுமா?' என்று கேட்டாளே, அவளை அனுப்பினது நீதானே? வேலைக்குப் போனால் பொடிசை யார் பார்ப்பார்கள் என்று தவித்தபோது, கீழ்வீட்டுக்காரி அவளாகவே வந்து தூக்கிக்கொண்டாளே, அது யார் வேலை? அடுப்பு எரியாத நாள் ஒன்று உண்டா? இல்லை. அதனால்தான் கேட்கிறேன். பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆள் நீ இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் அண்ணி வந்து நிற்பாள். நீ என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது.

பக்கத்தில் நின்றிருந்தவர் அவள் உதடு அசைவதைப் பார்த்துச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

சலவைக்கூடம் ஆஸ்பத்திரிக்குக் கீழே, வெயில் எட்டாத ஒரு நீளக் கூடம். ஒரு முனையில் அழுக்குத் துணி கொட்டும். மறுமுனையில் வெந்து வெளுத்து வரும். நடுவே ஆள் உயர டிரம்கள் உருண்டுகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் கூப்பிட்டால் காது கேட்காது என்று மேற்பார்வையாளர் அம்மாள் கழுத்தில் ஒரு விசில் தொங்கவிட்டிருந்தாள். அதனால் அவளுக்கு 'விசில்' என்றே பெயர். அன்றைக்கு நடைபாதையில் அழுத்தக்காரியிடம் மடிக்கத் தெரியுமா என்று கேட்டவள் அவள்தான். அதற்கப்புறம் அவள் ஒரு நாளும் அன்பாகப் பேசியதில்லை. அது வேறு கதை.

அழுத்தக்காரி உள்ளே நுழைந்தபோது விசில் விடாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டிய விரிப்புகளோடு ஒரு இரும்பு வண்டி கவிழ்ந்து கிடந்தது. சக்கரத்தைத் தாங்கும் சட்டம் முறிந்துவிட்டது. வெளுத்த துணியெல்லாம் ஈரத் தரையில். ஏற்கனவே இரண்டு வண்டிகள் அதே மாதிரி முறிந்து மூலையில் சாய்ந்து கிடந்தன. மிச்சமிருந்த ஒன்றும் முனகிக்கொண்டுதான் ஓடியது. ஆஸ்பத்திரியில் பற்றவைக்கிற ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அவனுடைய வெல்டிங் மெஷின் பழுதுபார்க்கும் அறையில் தூசி படிந்து நிற்கிறது. வெளிப் பட்டறையைக் கேட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார்கள். விசில் போனில் மன்றாடிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பிறகு போனையே முறைத்துப் பார்த்தாள்.

பெண்கள் விரிப்புகளை வாரி மறுபடி டிரம்மில் போட்டார்கள். அழுத்தக்காரி மட்டும் அந்த முறிந்த சட்டத்தின் பக்கத்தில் குந்தி, முறிந்த வாயை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். இருபது வருஷமாக வீட்டில் கேட்டது இந்தப் பேச்சைத்தானே. சட்டம், பற்றவைத்த பற்று, அதன்மேல் படியும் கசடு.

எழுந்து நேராக விசிலிடம் போனாள்.

"என் வீட்டுக்காரர் வெல்டர்."

விசில் அவளை மேலும் கீழும் பார்த்தாள். விசிலுக்கு எல்லாம் தெரியும். மேலே வார்டில் அவர் கிடந்த கட்டிலுக்கு விரிப்பு அனுப்பியதே அவள்தான்.

"அவரு நடக்க மாட்டாரேம்மா."

"நடந்துக்கிட்டேவா வெல்டிங் பண்ணுவாங்க? உக்காந்துதான் பண்ணணும்."

விசில் ஏதோ விதி சொல்ல ஆரம்பித்தாள். வெளியாளை உள்ளே விட மேலே கேட்க வேண்டும், ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு, என்றெல்லாம். அதற்குள் மேலே தியேட்டரிலிருந்து விரிப்பு எங்கே என்று போன் வந்தது. விசில் அதைக் கேட்டு, வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டு, கிளினிக்குகளுக்குத் துணி கொண்டுபோகும் வேன் டிரைவரைப் பார்த்து நீளமாக ஒரு ஊது ஊதினாள். அந்த டிரைவர் தலை இடிக்காமல் வேனில் ஏறத் தெரியாத உயரம். எல்லாரும் 'நெட்டை' என்பார்கள்.

"போற வழியில இந்தம்மா வீட்டுக்குப் போயிட்டு வா," என்றாள். பிறகு அழுத்தக்காரியிடம் திரும்பி, வேலை சரியில்லை என்றால் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தான்தான் பேச்சு வாங்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தாள்.

விசிலைச் சம்மதிக்க வைத்தாயிற்று. வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரை யார் சம்மதிக்க வைப்பது?

வெல்டர் மாட்டேன் என்றார். ஒரே வார்த்தை.

நெட்டை வெளியறையில் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். பெரியவள் கதவருகே. பொடிசு கட்டிலின் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்து அப்பாவின் கால் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி விளையாடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியாது.

அவள் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், பரிதாபப்பட்டு எவனோ கொடுக்கிற வேலை தனக்கு வேண்டாம் என்றார்.

"பரிதாபமா? அங்க துணி தரையில கிடக்கு. மேல ஒருத்தனை வயித்தைக் கிழிக்கப் படுக்க வச்சிருக்காங்க, விரிக்க விரிப்பு இல்ல. உங்க மேல பரிதாபப்பட அங்க யாருக்கும் நேரம் இல்ல."

நெட்டை சிரிப்பை அடக்க இருமினான்.

கை நடுங்கும் என்றார் வெல்டர். நடுங்கட்டும் என்றாள். உட்காரவே முடியாது என்றார். நாற்காலியில் வேட்டியால் கட்டி உட்காரவைக்கிறேன் என்றாள். மாடிப்படியில் தூக்கும்போது விழுந்துவிட்டால்?

"விழுந்தாச்சு. இனிமே விழ என்ன மிச்சம் இருக்கு?"

அவர் முகம் கறுத்தது. அவள் அதிகமாகப் பேசிவிட்டாளோ என்று பெரியவள் ஒரு அடி முன்னால் வந்தாள். வெல்டர் கூரையைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார்.

"உனக்கு நம்ப ஒரு ஆள் இருக்கார். நான் யாரை நம்புறது?"

"என்னை நம்புங்க. நான் அவரை நம்புறேன். இப்போதைக்கு அது போதும்."

வெல்டர் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி ஊன்றினார். அழுத்தக்காரி கையைக் கொடுக்கவில்லை. அவராகக் கேட்கட்டும் என்று நின்றாள். மூன்றாவது தரம் பாதி எழுந்து, "பார்த்துக்கிட்டு நிக்கிறியே, பிடி," என்று பல்லைக் கடித்துச் சொன்னார்.

நாற்காலியோடு சேர்த்து நெட்டையும் கீழ்வீட்டுக்காரரும் அவரைத் தூக்கினார்கள். படிக்கட்டு குறுகல். திருப்பத்தில் நாற்காலி சுவரில் உரசியது. இடது பக்கத்தை உயர்த்து, இரும்புத் தூணா தூக்குகிறாய், ஆளைத் தூக்குகிறாய் என்று வெல்டர் போட்ட சத்தம் தெருமுனைக்குக் கேட்டது. கப்பல் பட்டறையில் ஆட்களை விரட்டிய அதே குரல்.

பெரியவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். வேனின் பின்பக்கம், வெளுத்த விரிப்பு மூட்டைகளின் நடுவே அப்பாவைச் சாய்த்து வைத்து, இரண்டு பக்கமும் மூட்டைகளால் முட்டுக் கொடுத்தார்கள். அம்மா அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அந்தக் குரலைப் பெரியவள் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அந்தக் குரல் செத்துப்போய்விட்டது என்றே நினைத்திருந்தாள். வேன் போன பிறகும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பிறகு உள்ளே வந்து, பையைத் திறந்து, கவுன்களை எடுத்து அலமாரியில் வைத்தாள். ஏன் என்று பொடிசு கேட்டது. சும்மா என்றாள்.

அத்தை மாலை வெயில் சாயும்போது வந்தாள். எப்போதும்போல நல்ல புடவை, கைப்பை, கறுப்புக் கண்ணாடி. வந்ததும் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு மறுபடி கேட்டாள். கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்ததும் பதறிப்போய், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டீர்களா, எனக்கு ஏன் சொல்லவில்லை என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கார் அத்தை. வேலைக்கு."

"யாரு?"

"அப்பா."

"எந்த அப்பா?"

"எனக்கு இருக்கிறது ஒரே அப்பாதான் அத்தை."

அத்தை நாற்காலியைத் தேடினாள். நாற்காலியும் வேலைக்குப் போயிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பொடிசின் பை எங்கே என்று கேட்டாள். பெரியவள் சற்றுத் தயங்கினாள். காலையில் அடுக்கியதும் தானே, இப்போது பிரித்ததும் தானே. அம்மா வரட்டும், அப்பாவும் வரட்டும், அவர்கள் சொல்லட்டும் என்றாள். அத்தை எத்தனை விதமாகக் கேட்டும் அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இவளும் அழுத்தக்காரியாகிவிட்டாள் என்று அத்தை சொன்னாள். பெரியவள் அதை மறுக்கவில்லை.

சலவைக்கூடத்தில் வெல்டர் போட்ட முதல் பற்று கேவலமாக இருந்தது.

அவரை நாற்காலியோடு வண்டியின் முன்னால் நிறுத்தி, மார்புக்குக் குறுக்கே ஒரு கிழிந்த விரிப்பால் கட்டியிருந்தார்கள். கை நடுங்கியது. பற்றவைக்கும் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. பொறி பறந்து அணைந்தது. முகக் கவசத்தைத் தூக்கிப் பார்த்தவர், தானே சுத்தியலை வாங்கி அதைத் தட்டிப் பெயர்த்து எடுத்தார். விசில் கையைப் பிசைந்தாள். அழுத்தக்காரி பார்க்கவே இல்லை. அவள் தன் இடத்துக்குப் போய் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு எல்லாம் கோணல். எதிரே முனையைப் பிடித்திருந்தவள் ஒன்றும் சொல்லாமல் திருத்திக்கொண்டே வந்தாள்.

இரண்டாவதும் பிடிக்கவில்லை. அதையும் பெயர்த்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. இது ஆகாது என்று சொல்ல அவர் வாயெடுத்ததை நெட்டை பார்த்தானாம், பிறகு சொன்னான். ஆனால் வெல்டர் அதைச் சொல்லவில்லை. முழங்கையை நாற்காலிக் கையில் அழுத்திக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்து, மறுபடி ராடை வைத்தார். இந்தத் தடவை சத்தமே வேறு மாதிரி இருந்தது. விடாமல், ஒரே சீராக. அந்தச் சத்தம் அழுத்தக்காரிக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பட்டறைக்குச் சோறு கொண்டுபோனபோது வாசலில் நின்று கேட்ட சத்தம். மடித்துக்கொண்டிருந்த விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வண்டி நிமிர்ந்தது. விசில் அதில் துணியை ஏற்றச் சொல்லி, தானே தள்ளிப் பார்த்தாள். ஓடியது. பாராட்டுவது அவள் வழக்கம் இல்லை. மூலையில் கிடக்கும் மற்ற இரண்டையும் கொண்டுவரச் சொன்னாள். அவற்றையும் முடித்த பிறகு, வார்டுகளில் உடைந்த கட்டில்கள் ஒரு அறை முழுக்கக் கிடக்கின்றன, நிரந்தர வேலை என்று என்னால் சொல்ல முடியாது, நாளைக்கு வர முடியுமா என்று கேட்டாள்.

வெல்டர் மனைவியைப் பார்த்தார். அவள் வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேன் வந்தா வருவேன்," என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். திரும்பும்போது அவர் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. முதுகு வலி பொறுக்காமல் வழியில் இரண்டு இடத்தில் வேனை நிறுத்தச் சொன்னார். உடுப்பு நனைந்திருந்ததை அவரே தெரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். அழுத்தக்காரி ஒரு விரிப்பைப் பிரித்து அவர் மேல் போர்த்தினாள். விசில் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றாள். நாளைக்கு இந்த உடம்பு எழுந்திருக்குமா என்று அவளுக்கும் தெரியாது. நாளைய கவலையை நாளைக்குப் படலாம் என்று அவள் அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அவரைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தும்வரை அத்தை பேசாமல் நின்றாள். துணி மாற்றி, முதுகைத் துடைத்து முடிந்ததும்தான் ஆரம்பித்தாள். தம்பியை இந்தக் கோலத்தில் வேலைக்கு இழுத்துப் போயிருக்கிறாளே, இவள் மனுஷியா என்று கேட்டாள். நாளைக்கே முதுகு பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்றாள். வார்த்தைக்கு வார்த்தை அழுத்தக்காரி பதில் சொல்லியிருப்பாள். ஆனால் வெல்டர் கையைத் தூக்கினார்.

"அக்கா, பொடிசு வராது. நான்தான் சரின்னு சொன்னேன். நானே இல்லைங்கிறேன்."

"உனக்கு முடியாமப் போனா அதை யார்டா பார்ப்பா?"

வெல்டர் கொஞ்சம் யோசித்தார். அப்படிச் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொல்வதுபோலத் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"இவ்வளவு நாள் பார்த்தவர்தான் பார்க்கணும்."

அழுத்தக்காரி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கே அவளுக்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு, பொடிசின் தலையைத் தடவிவிட்டு, போகிறேன் என்று சொல்லிப் படியிறங்கினாள். ஆத்திரம் இருந்தாலும் வீட்டுக்கு வந்தவளை வாசல்வரை போய் வழியனுப்பாமல் இருக்க அழுத்தக்காரியால் முடியவில்லை. பின்னாலேயே இறங்கினாள்.

வாசலில் கார் இல்லை.

மாடிப்படியின் அடியில் இரண்டு பெரிய பெட்டிகள் இருந்தன. அதில் ஒன்றின் மேல் அத்தை உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு கார் வர நேரமாகும் என்றாள். அதற்கப்புறம் பொய் சொல்லத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டுக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அத்தையின் கணவர் வீட்டுப் பூட்டையே மாற்றிவிட்டார். அத்தையை இங்கே இறக்கிவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டு வரச் சொல்லி டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"பொடிசைக் கையில பிடிச்சுக்கிட்டுப் போய் நின்னா, குழந்தை முன்னாடி கதவைச் சாத்த மாட்டார்னு நினைச்சேன்," என்றாள்.

அழுத்தக்காரிக்கு ரத்தம் கொதித்தது. என் பிள்ளையைப் பூட்டின கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தவா வந்தாய்? தனி அறையும் நல்ல பள்ளிக்கூடமும் இதற்குத்தானா? கேட்க வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிரே, தன்னை ஒரு நாளும் சமமாக உட்காரவைக்காத நாத்தனார், மாடிப்படியின் இருட்டில் பெட்டி மேல் கூனிப்போய் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி நடைபாதையில் தானும் இப்படித்தான் இருந்திருப்போம் என்று அழுத்தக்காரிக்குத் தோன்றியது.

அவள் அண்ணாந்து படிக்கட்டின் மேலே பார்த்தாள்.

"இருக்கிற ஆளைக் காப்பாத்தத்தான் கேட்டேன். நீ இன்னொரு ஆளையும் சேர்த்து அனுப்பியிருக்க. சரி. சோறு நீதான் போடணும், சொல்லிட்டேன்."

யாரிடம் பேசுகிறாள் என்று அத்தை திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அழுத்தக்காரி குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"எழுந்திருங்க அண்ணி."

தான் எந்த முகத்தோடு மேலே வருவது என்று அத்தை கேட்டாள். இருக்கிற முகத்தோடு வாருங்கள், வேறு முகத்துக்கு எங்கே போவது என்றாள் அழுத்தக்காரி. பேச்சைக் கேட்டு இறங்கி வந்திருந்த பெரியவள், ஒன்றும் கேட்காமல் இன்னொரு பெட்டியின் பிடியைப் பிடித்தாள். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் சொன்னதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

படி திருப்பத்தில், அத்தையின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்த அத்தை அதை மறுபடி பைக்குள் திணிக்கப் பார்த்தாள். அவர்தான் என்றாள். எடுக்கப் போவதில்லை, அடித்து ஓயட்டும் என்றாள்.

அழுத்தக்காரி பெட்டியைப் படியில் வைத்தாள். போனை அவள் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க. அண்ணி இல்ல, நான். அவங்க எங்க வீட்டுலதான் இருக்காங்க."

அந்தப் பக்கம் அவர் பேசினார். வெகுநேரம் பேசினார். அழுத்தக்காரியின் புருவம் மெல்ல மேலே ஏறியது. அத்தை என்ன, என்ன என்று சைகையால் கேட்டாள். மேலே வெல்டர், யார் போனில் என்று குரல் கொடுத்தார்.

"அதை இங்க வந்து, நேர்ல, எங்க எல்லாரோட முகத்தையும் பார்த்துச் சொல்லுங்க," என்றாள் அழுத்தக்காரி. "நாளைக்குச் சாயங்காலம் வாங்க. பகல்ல வேணாம். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருப்பார்."